நான் வாசித்துக் காட்டிய கடிதங்கள்

1

போன மாதம் அப்பாவிடமிருந்து ஒரு விமானக் கடிதம் வந்தது. அம்மா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. காஞ்சிபுரத்தில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையோடு சேர்த்து நினைவு ஆராதனை வைத்திருக்கிறார்கள். அதில் வாசிப்பதற்கு அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை நான் எழுதி அனுப்ப வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தார். அடக்கத்தன்று வாசித்தது போதகர் அவசரத்தில் எழுதியது. அதில் அம்மாவைப் பெற்றவர் பெயரே தப்பாக இருந்ததாம்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சபையில் ஒருவர் இறந்தால் அவருடைய வாழ்க்கையை ஒரு தாளில் எழுதி வாசிப்போம். எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம், எப்போது திடப்படுத்தல், யாரை மணந்தார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பிடித்த வசனம், கடைசியாகச் சொன்ன வார்த்தை. நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு ஒரு பாட்டு. நான் சின்ன வயதில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரி நல்லவர்களாக இருப்பார்கள்.

அப்பா கடிதத்தை முடித்திருந்த விதம் இது:

"பேத்தியைப் பற்றி எழுதும் இடத்தில் பியூலாவின் திடப்படுத்தலை விட்டுவிடாதே. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உன் அம்மா பேசியது அதுதான். 'பியூலா திடப்பட்டுட்டா. அது போதும் எனக்கு' என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. சபையார் அதைக் கேட்க வேண்டும்."

வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று அதைப் படித்தேன்.

பியூலா என் மகள். எனக்கு ஒரே பிள்ளை, நானும் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும், சபையார் முன் எழுந்து நின்று, நான் விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பிஷப் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் இராப்போஜனப் பந்தியில் சேரலாம். இதுதான் திடப்படுத்தல். பியூலாவுக்குப் பதினேழு வயது ஆகிறது. அவள் திடப்படுத்தல் பெறவில்லை.

2

அம்மாவின் பெயர் சுகிர்தம். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வளாகத்துக்குள் வீடு காலியாகும் வரை என்று நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்குப் போனார்கள். வீடு காலியானபோது அம்மா வர மறுத்துவிட்டாள். அந்தத் தெருவில் எங்களுடையது ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. எல்லாருக்கும் கம்பவுண்டரம்மாதான்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பர முதலியார் தறி போட்டிருந்தார். நாங்கள் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது அவர் தறியும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தறிச் சத்தம் இல்லாமல் ஜெபம் செய்ய இங்கிலாந்துக்கு வந்துதான் பழக வேண்டியிருந்தது.

துணைக்கு ஆளில்லாமல் வார்டில் கிடக்கிறவர்களைப் பற்றி அப்பா சாப்பிடும்போது சொல்வார். மறுநாள் அம்மா தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியோடு போவாள். கஞ்சி கொடுப்பாள், தலைவாரி விடுவாள், வந்துவிடுவாள். கேட்டால்தான் ஜெபிப்பாள். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரை அதில் எழுதிவைப்பாள். முதலியார் மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோது அவரே வாசலில் வந்து நின்றார்.

"எங்க சாமிகிட்டயும் சொல்லிட்டேன். உங்க நோட்டுலயும் எழுதிடுங்கமா. ரெண்டு பக்கமும் இருக்கட்டும்."

"நோட்டுல அவ பேரு ஆறு மாசமா இருக்குது முதலியாரே" என்றாள் அம்மா.

உற்சவ நாட்களில் சாமி எங்கள் தெரு வழியாகப் போகும். அம்மா விடியற்காலையிலேயே இரண்டு குடங்களில் தண்ணீரும் ஒரு அண்டா நீர்மோரும் வாசலில் எடுத்துவைப்பாள். வெயிலில் நடந்து வரும் ஜனங்களுக்குக் கையில் எடுத்துக் கொடுப்பாள். மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்ததும் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி தாண்டிப் போனதும் திறந்து வந்து மறுபடி டம்ளரை எடுப்பாள். தெருவில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். கம்பவுண்டரம்மா கதவைச் சாத்துவது சாமிக்குத்தான், ஆளுங்களுக்கு இல்லை என்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. ஐந்து நிமிடம் சும்மா நின்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"கும்புடாம சும்மா நின்னா அவங்களுக்கு மரியாதை இல்ல. கும்புடற மாதிரி நின்னா எனக்கு மரியாதை இல்ல. உள்ள போயிட்டா ஒரு பொல்லாப்பும் இல்ல" என்றாள்.

3

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இங்கிலாந்துக்கு வந்தோம். வடக்கே ஒரு ஆலை நகரம். நான் நர்ஸ், இப்போது வார்டு சிஸ்டர். என் கணவர் பேருந்துக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். காலை ஏழு மணிக்கு நான் பஸ் ஏறும்போது அவர் வேலை முடிந்து வருவதும் உண்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சமையலறை மேசையில் சீட்டு எழுதிவைத்துப் பேசிக்கொண்ட வாரங்கள் இருக்கின்றன. தெருவில் குட்மார்னிங் சொல்வார்கள். பதின்மூன்று வருடத்தில் அதைத் தாண்டி யார் வீட்டுக்குள்ளும் நான் போனது மூன்று நான்கு முறை இருக்கும்.

பியூலாவுக்கு இங்கே வரும்போது நாலு வயது. தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான். எழுதப் படிக்க நான் சொல்லித்தரவில்லை. நேரமில்லை என்று சொல்லலாம். அந்த ஊரில் வேறொரு தமிழ்க் குடும்பமும் இல்லை. யாருக்காகச் சொல்லித்தருவது என்றும் நினைத்திருக்கலாம்.

மாதத்துக்கு ஒன்று அம்மாவின் விமானக் கடிதம் வரும். முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி பியூலாவுக்கு. கடைசியில் அப்பா ஒரு வரி எழுதியிருப்பார்: நலம், நலமறிய ஆவல். சனிக்கிழமை மத்தியானம் பியூலாவை உட்காரவைத்து அவள் பாதியை வாசித்துக் காட்டுவேன். முதலியார் வீட்டு ஆடு எங்கள் அடுப்படிக்குள் புகுந்தது, அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியது, தாமல் ஏரி நிரம்பியதைப் பார்க்க ஆஸ்பத்திரி வண்டியில் போனது எல்லாம் இருக்கும். பியூலா ரசித்துக் கேட்பாள். பாட்டியை அவள் ஆயா என்றுதான் அழைப்பாள்; ஆயா வேடிக்கையான ஆள் என்பாள். அவள் ஆங்கிலத்தில் சொல்லும் பதிலை நான் தமிழில் எழுதி அனுப்புவேன்.

அவளுக்குப் பதினாலு வயதானபோது இங்குள்ள சர்ச்சில் திடப்படுத்தல் வகுப்பில் சேர்த்தேன். அம்மாவுக்கு அதை எழுதினேன். பியூலா நாலு வாரம் போனாள். ஐந்தாவது வாரம் போக மறுத்துவிட்டாள். கெஞ்சினேன், திட்டினேன். அவள் கத்தவில்லை.

"நம்பறேனான்னு எனக்கே தெரியலம்மா. தெரியாம எப்படி அத்தனை பேர் முன்னாடி நம்பறேன்னு சொல்றது?"

ஆங்கிலத்தில் சொன்னதை இப்படி எழுதுகிறேன். அவள் அப்பா, விட்டுப்பிடி என்றார். விட்டேன். அம்மாவுக்கு அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கும் அடுத்த மாதம் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். பியூலாவை மணப்பெண் தோழியாக நிற்கக் கேட்டார்கள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளைப் பூவும் சின்ன முக்காடும். சர்ச் வாசலில் அங்கியோடு நின்ற பாதிரியார் அவள் தோளில் கை வைத்திருக்க, யாரோ ஒரு போட்டோ எடுத்தார்கள். பிள்ளை அழகாக இருக்கிறாளே என்று அதை அம்மாவுக்கு அனுப்பினேன். பின்புறம் 'பியூலா, சர்ச்சில்' என்று மட்டும் எழுதினேன்.

அம்மாவின் பதில் பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் ஒரு கடிதமும் வந்ததில்லை. பிஷப்புக்கு எவ்வளவு சாந்தமான முகம் என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாளாம். பேத்தி திடப்படுத்தல் பெற்றதற்காக என்று போதகர் பீடத்திலிருந்து வாசித்தாராம். போட்டோவை ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் காட்டினாளாம். முதலியார் வீட்டில் காட்டியபோது, இதென்ன கல்யாணமா என்று அவர் கேட்டாராம்.

கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். பெரியவங்க சந்தோஷமா இருக்கட்டும், விடு என்றார்.

விட்டேன் என்று இரண்டாவது முறையாக எழுதுகிறேன்.

4

விட்டதோடு நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பியூலாவுக்கு அம்மா எழுதும் பாதி மாறிவிட்டது. ஆடும் மூக்குக்கண்ணாடியும் சுருங்கின. திடப்பட்ட ஒருத்திக்கு இன்னொருத்தி எழுதுகிற மாதிரி எழுத ஆரம்பித்தாள். உன் முதல் இராப்போஜனம் எப்படி இருந்தது, என்ன வசனம் வாசித்தார்கள் என்று கேட்பாள். நான் வாசிக்கும்போது அந்த வரிகளைத் தாண்டிவிடுவேன். வாசிக்கும் முன்பே ஒருமுறை தனியாகப் படித்து, எங்கே தாண்ட வேண்டும் என்று பார்த்துவைத்துக்கொள்வேன். மீதி இருப்பதை மெதுவாக வாசித்து நீட்டுவேன். ஆயா கடிதம் இப்பல்லாம் சின்னதா இருக்குது என்று பியூலா ஒருமுறை சொன்னாள். ஆயாவுக்குக் கை வலி என்றேன்.

பதில் எழுதும்போது இன்னும் மோசம். பியூலா பள்ளிக்கூடத்தையும் மழையையும் பற்றிச் சொல்வாள். நான் அதன் கீழே, 'தினமும் வேதம் வாசிக்கிறேன் ஆயா, இராப்போஜனத்தில் உங்களை நினைத்துக்கொள்கிறேன்' என்று சேர்ப்பேன். முதல்முறை எழுதி அடித்து மறுபடி எழுதினேன். நாலாவது முறை ஒரே ஓட்டமாக எழுதினேன்.

பிறகு சேலை வந்தது. திடப்பட்ட பெண்ணுக்கு வெள்ளைப் பட்டு கொடுக்க வேண்டும் என்று அம்மா முதலியாரிடம் நெய்யச் சொல்லியிருக்கிறாள். எங்களில் வெள்ளைதான் நல்ல நாளுக்கு உடுத்துவது. கல்யாணத்துக்கும் வெள்ளைதான். முதலியார் வீட்டாருக்கு அது புருஷனை இழந்தவள் நிறம். அந்தப் பேச்சுவார்த்தையை அம்மா கடிதத்தில் வரிக்கு வரி எழுதியிருந்தாள்.

"வாழப் போற பொண்ணுக்கு வெள்ளையாமா? என் தறியில வெள்ளைப் பாவு ஏறுனதே இல்ல."

"ஏத்தித்தான் பாருங்களேன். உங்க தறி ஒண்ணும் அழுதுடாது."

"தறி அழாதுமா. வூட்டுல இருக்கறவ அழுவா."

ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு நெய்துகொடுத்தாராம். அம்மா விரித்துப் பார்த்தால், இரண்டு கரையிலும் ஓரமாக ஒற்றை மஞ்சள் இழை ஓடியிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, உங்க பேத்திக்கு உங்க இஷ்டப்படி வெள்ளை, நான் தூக்கி வளர்த்த பொண்ணோட பொண்ணுக்கு என் இஷ்டப்படி ஒரு இழை, பிரிக்கணும்னா நீங்களே பிரிச்சுக்குங்கமா என்றாராம். அம்மா பிரிக்கவில்லை. 'மனுஷன் பயத்தில் செய்யவில்லை, பாசத்தில் செய்திருக்கிறான்' என்று எழுதியிருந்தாள்.

சுங்க இலாகா அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பியிருந்தார். பாரத்தில் 'பரிசு, எதற்காக' என்ற இடத்தில் அம்மா தமிழில் 'திடப்படுத்தல்' என்று எழுதியிருந்தாள். அது யாருக்கும் புரிந்திருக்காது. அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் கணவரும்தான். சேலையை மெத்தை உறைகளுக்கு அடியில் வைத்தேன். பியூலாவிடம் காட்டினால் எதற்கு என்று கேட்பாள். இரண்டு வருடம் அங்கேயே இருந்தது.

5

போன வருடம் தந்தி வந்த அன்று என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. குடியுரிமைப் பதிவுக்காக அனுப்பியிருந்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்தால், தாயார் இறந்ததற்குச் சான்றிதழ் அனுப்புங்கள், முன்னதாகக் கவனிக்கிறோம் என்றார்கள். தந்தி சான்றாகாது. சான்றிதழ் காஞ்சிபுரத்திலிருந்து தமிழில் வரும், அதை மொழிபெயர்த்து ஒருவர் கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் இருக்கிறேன் என்றேன். சம்பந்தப்பட்டவர் செய்யக்கூடாது என்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

எப்படியும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஊர் வெயிலில் மறுநாளே அடக்கம் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே அதுதான் மரியாதை.

இப்போது அப்பா கேட்டபடி அம்மாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். பிறப்பு, ஞானஸ்நானம், செங்கல்பட்டு போர்டிங் பள்ளியில் எட்டாவது வரை, கல்யாணம் எல்லாம் ஓடிவிட்டன. 'நல்ல மனைவியாக விளங்கினார்' என்று எழுதிவிட்டு, அப்படியென்றால் என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அப்போது ஒரு சட்டை ஞாபகம் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா சபைக் கமிட்டியில் ஏதோ சண்டையாகி, இனி கோயில் படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று வருடம் போகவில்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும் அதை மடித்துப் பெட்டிக்குள் வைப்பாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஒரு ஞாயிறு அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க என்றாள். அவ்வளவுதான்.

இடையில் ஒருமுறை கோயில் வாசலில் போதகரின் மனைவி அம்மாவை நிறுத்தி, கம்பவுண்டருக்கு உடம்பு சரியில்லையா, காணோமே என்று கேட்டார். நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த அம்மாள் அதற்கு வசதியாகத்தான் கேட்டார்.

"உடம்பு நல்லாத்தாங்க இருக்குது. வர மனசு இல்ல. வரும்போது வருவாரு" என்றாள் அம்மா.

நான் வெட்கத்தில் அவள் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டேன். வீடு வரும்வரை ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதேன். இருக்கிறதைத்தானே சொன்னேன் என்றாள்.

எழுதுவதை நிறுத்திவிட்டேன். பியூலாவின் விஷயம் தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். மூன்று வருடம் சட்டையை மாட்டி வைத்தவள் இதையா தாங்கமாட்டாள்? பேத்திக்கு இன்னும் மனசு வரல என்று வாசலில் நின்று சொல்லியிருப்பாள். தாங்க முடியாதவள் நான். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து பிள்ளையை என்ன செய்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்குத்தான்.

இந்தத் தாள் இப்படியே போனால், அம்மாவின் பெயரைச் சொல்லி அப்பா எழுந்து நிற்கும் இடத்தில் என் பொய் வாசிக்கப்படும். அப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. உண்மையைச் சொன்னால், அம்மாவின் கடைசி வார்த்தையை அவர் கையிலிருந்து பிடுங்கின மாதிரி ஆகும். ஒரு வாரம் வார்டில் மருந்து அளக்கும்போது இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. மனம் அங்கே இல்லை.

எதை எழுதினாலும் முதலில் பியூலாவுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. பெயர் அவளுடையது.

6

சனிக்கிழமை மத்தியானம். பியூலா சமையலறை மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சேலைப் பொட்டலத்தையும் கடிதக் கட்டையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கல்யாண போட்டோவா என்று கேட்டாள். பிறகு, நான் சொன்னதாக என்னவெல்லாம் எழுதினீர்கள் என்றாள். ஞாபகத்திலிருந்து சொன்னேன். தினமும் வேதம் வாசிக்கிறேன் என்பதைக் கேட்டதும் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. சேலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரிக்கவில்லை. மஞ்சள் இழையை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆயா யாருக்குமா எழுதிக்கினு இருந்தாங்க?"

இதை மட்டும் தமிழில் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் வீட்டில் கேட்ட தமிழ்தான்.

கடிதக் கட்டை என் பக்கம் தள்ளினாள். "படிங்க. எதையும் விடாதீங்க."

முதலிலிருந்து படித்தேன். பிஷப்பின் சாந்த முகம், காணிக்கை, இராப்போஜனம் பற்றிய கேள்விகள். பியூலா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஐந்தாவதோ ஆறாவதோ கடிதத்தில் இந்த இடம் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

"பியூலா கண்ணு, இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஜெபம் வராத நாட்கள் உண்டு. முழங்கால் போட்டு உட்காருவேன், கேட்கிற ஆள் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று தோன்றும். சுவருக்கு அந்தப் பக்கம் முதலியார் தறிச் சத்தமாவது கேட்கிறதே என்று அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நோட்டில் உள்ள பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன். உன் வயதிலும் இப்படி இருந்தது. இந்த வயதிலும் இருக்கிறது. உனக்கு அப்படி வந்தால் பயப்படாதே, எனக்கு எழுது. உன் அம்மா வாசித்துக் காட்டும்போது அவளும் கேட்கட்டும், பரவாயில்லை. அவள் என்னைக் கலங்காத ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

இந்தக் கடிதத்தை நான் முன்பே படித்திருக்கிறேன். என் கண்ணால் படித்து, தாண்ட வேண்டிய இடம் என்று குறித்துவைத்து, தாண்டியிருக்கிறேன். ஓரத்தில் நான் போட்ட பென்சில் கோடு இருந்தது. பியூலாவிடமிருந்து எதை மறைக்க வேண்டும் என்று தேடிப் படித்தேனே தவிர, அம்மா என்ன சொல்கிறாள் என்று நான் படிக்கவே இல்லை.

பியூலா அந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளால் படிக்க முடியாது. அந்த எழுத்துகளையே பார்த்தாள்.

"இதுக்கு நான் பதில் எழுதியிருப்பேன்" என்றாள், ஆங்கிலத்தில். "நிறைய எழுதியிருப்பேன்."

இதற்கு ஆயாவுக்கு என்ன பதில் போயிற்று என்று கேட்டாள். சொன்னேன். மழை, பள்ளிக்கூடம், தினமும் வேதம் வாசிக்கிறேன் ஆயா. அதற்குப் பிறகு அம்மா இப்படி ஒரு வரி எழுதவில்லை. மீதிக் கடிதங்களைப் படித்தபோது இருவருக்கும் அது தெரிந்தது. மறுபடி ஆடும் மூக்குக்கண்ணாடியும் வந்துவிட்டன.

சேலையையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, அந்தத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றாள்.

7

எழுதினேன். 'பேத்தி பியூலா இன்னும் திடப்படுத்தல் பெறவில்லை. பெற்றதாகச் சுகிர்தம்மாள் நம்பும்படி விட்டது மகளாகிய நான்.' கூடவே அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம். நடந்த எல்லாவற்றையும் அதில் எழுதினேன். வேண்டாம் என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், விட உங்களுக்கு உரிமை உண்டு என்றும் எழுதினேன். தபால் அலுவலகத்தில் பெட்டிக்குள் போட்ட பிறகு ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். ஏதாவது வேண்டுமா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

நினைவு ஆராதனை ஞாயிறன்று நான் எழுந்தபோது காஞ்சிபுரத்தில் ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே அன்று முழுவதும் மழை. பியூலாவின் சட்டைகளை இஸ்திரி போட்டேன்.

பதில் போன வியாழக்கிழமை வந்தது. ஒரே தபாலில் இரண்டு விமானக் கடிதங்கள். ஒன்று எனக்கு.

"நீ எழுதியதை நானே எழுந்து வாசித்தேன். அந்த வரியை விட்டுவிடலாம் என்று போதகர் சொன்னார். உன் அம்மாவின் பெயரைச் சொல்லி நிற்கிற இடத்தில் எனக்கு விட மனமில்லை. பிறகு பாட்டு பாடினோம். வாசலில் இரண்டு பேர் என்னோடு பேசாமல் போனார்கள். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது. அது போகும், எப்போது என்று தெரியாது. இனிமேல் பியூலாவுக்கு நானே எழுதுகிறேன். வெள்ளைக்கார டாக்டர்களோடு முப்பது வருடம் எழுதிப் பழகிய ஆங்கிலம் அவளுக்குப் புரியும். உன் வழியாக வேண்டாம்."

இன்னொன்றின் மேல் அப்பாவின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் பியூலாவின் பெயர் இருந்தது. அந்த வீட்டிலிருந்து அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடுத்தேன். யாருடைய எழுத்து என்று கேட்டாள். தாத்தா என்றேன். கோட்டோடு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அரிசி களைந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே அவள் சிரிப்பது கேட்டது. சோறு வடித்து, குழம்பைச் சூடாக்கி, மூன்று தட்டு எடுத்து வைத்தேன். அவள் இறங்கி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. தாத்தா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்க வந்து, அவள் தட்டில் சோறு போட்டேன்.

"காலி ஏரோகிராம் இருக்காமா?" என்றாள்.

விமானக் கடிதத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடி மேலே போனாள்.